நுரையீரல் கார்சினாய்டு: "எத்தனை வருஷம்?" என்று கேட்பதற்கு முன்னால்

மாயவரத்தில் பத்திரம் எழுதுவது என் பிழைப்பு. இருபத்தைந்து வருஷமாக அடுத்தவர் தாளை வரி வரியாகப் படித்தே சாப்பிடுகிறேன். அப்படிப்பட்ட நான், தம்பியின் பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்த ராத்திரி அதை முழுசாகப் படிக்காமல் செல்லில் "நுரையீரல் புற்றுநோய் எத்தனை நாள்" என்று தட்டினேன். பக்கத்து வயலின் பத்திரத்தை விரித்துவைத்து நம் வயலுக்கு எல்லை தேடிய கதைதான். உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாள் வந்திருந்தால், தேடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் டாக்டர் இல்லை. எதைக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்ல முடியும்.

தம்பிக்கு அப்போது 36 வயது. பீடி சிகரெட் கிடையாது. இரண்டு வருஷம் வீசிங் என்று இன்ஹேலர் இழுத்தான். அவனுக்கு இரைச்சல் வலது மார்பில் மட்டும்தான் கேட்கும். ஒரு பக்கம் மட்டும் இரைந்தால் அது சாதாரண ஆஸ்துமாதானா என்று கேட்கத் தோன்றவேண்டும், எங்களுக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் சளியில் ரத்தம். டிபி என்று சளிப் பரிசோதனை, அதில் ஒன்றும் இல்லை. அப்புறம் சிடி, பிராங்கோஸ்கோப்பி, அதாவது மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது. மூச்சுக்குழாய்க்குள் செக்கச்செவேல் என்று ஒரு கட்டி.

முதல் ரிப்போர்ட்டில் இருந்தது "ஸ்மால் செல் கார்சினோமாவாக இருக்கலாம்" என்ற ஒரு வரி. வேகமாக வளரும் நுரையீரல் புற்றுநோய் அது. வராந்தாவில் நின்றபடியே ஒருவர், "ஆறேழு மாசம், பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் பெயரைப் பாருங்கள். நியூரோஎண்டோகிரைன் என்ற சொல் ரிப்போர்ட்டில் இருந்தால் அது ஒரு கட்டிக் குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பத்தில் நுரையீரலைப் பொறுத்தவரை நாலு பேர்: டிபிகல் கார்சினாய்டு, ஏடிபிகல் கார்சினாய்டு, லார்ஜ் செல், ஸ்மால் செல். முதலாமவனுக்கும் நாலாமவனுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். டிபிகல் வகையில் 5 வருஷம் கழித்து உயிரோடு இருப்பவர்கள் நூற்றுக்குச் சுமார் 90 பேர். ஸ்மால் செல்லில் 10 பேருக்கும் குறைவு. மொத்த நுரையீரல் புற்றுநோயில் கார்சினாய்டு நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். அதனால் "நுரையீரல் புற்றுநோய்" என்று பொதுவாகத் தேடினால் வரும் எண் எதுவும் கார்சினாய்டுக்காரருக்கு ஆகாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பிராங்கோஸ்கோப்பியில் கிள்ளி எடுக்கும் துணுக்கு அரிசிக் குருணை அளவுகூட இருக்காது. கிள்ளும்போது செல்கள் நசுங்கிவிட்டால் கார்சினாய்டே ஸ்மால் செல் மாதிரித் தெரியும் என்று பிறகு தெரிந்துகொண்டோம். ஆகவே ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். பிளாக் என்பது கட்டித் துணுக்கை மெழுகில் பதித்த சின்னக் கட்டை. அதுதான் தாய்ப் பத்திரம். ரிப்போர்ட் வெறும் நகல். எழுதிக் கொடுத்துக் கேட்டபோது எங்களுக்குக் கொடுத்தார்கள். இன்னொரு பேத்தாலஜி டாக்டரிடம் காட்டினோம். கேஐ-67 என்ற சாயம் போட்டுப் பார்த்தார். எத்தனை செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்று அது காட்டும். ஸ்மால் செல்லில் பாதிக்கு மேல் சாயம் ஏறி நிற்குமாம். தம்பிக்கு 3 சதவீதம். "இது கார்சினாய்டுங்க" என்றார்.

எல்லோருக்கும் இப்படித் திரும்பிவிடாது. உண்மையிலேயே ஸ்மால் செல்லாக இருந்தால் அது வேகமாக வளர்வது, வைத்தியத்தைத் தள்ளிப்போடக் கூடாது. ஆகையால் இரண்டாம் அபிப்பிராயம் சில நாளுக்குள் முடியவேண்டும். மாதக்கணக்கில் ஊர் ஊராக அலைவது இரண்டாம் அபிப்பிராயம் ஆகாது.

பெட் ஸ்கேன் விஷயத்திலும் நாங்கள் ஏமாந்தோம். முதலில் எடுத்தது சாதாரண பெட், அதாவது சர்க்கரையை வைத்துப் பார்ப்பது. "பெரிதாக ஒன்றும் ஒளிரவில்லை" என்று வந்ததும் வீட்டில் பாயசம். மெதுவாக வளரும் கார்சினாய்டு அந்த ஸ்கேனில் ஒளிராமலே இருந்துவிடலாம் என்று அறுவை டாக்டர் சொன்னபோது பாயசம் தொண்டைக்கு வந்தது. இந்த வகைக்குக் கேலியம்-68 டோட்டாடேட் என்ற வேறு பெட் இருக்கிறது. எது எடுக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அறுவை முடிந்து வரும் பெரிய ரிப்போர்ட்தான் ஆயுளைப் பற்றிப் பேசும். அதில் மைட்டோசிஸ், அதாவது பிரிந்துகொண்டிருக்கும் செல்களின் எண்ணிக்கையைத் தேடுங்கள். 2 சதுர மில்லிமீட்டரில் 2க்குக் கீழே இருந்து, நெக்ரோசிஸ், அதாவது செத்த திசு, இல்லை என்றும் இருந்தால் டிபிகல். 2 முதல் 10 வரை இருந்தாலோ, நெக்ரோசிஸ் இருந்தாலோ ஏடிபிகல். ஏடிபிகல்லில் எண்கள் இறங்கும். 5 வருஷக் கணக்கு ஒரு ஆய்வில் பாதி, இன்னொன்றில் முக்கால் என்று பரந்து கிடக்கும். அரிய நோய், ஆய்வில் சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேர். அதனால் அந்த ஒற்றை எண்ணைப் பிடித்துத் தொங்கவேண்டாம்.

அடுத்து நிணநீர் முடிச்சுகள். "எத்தனையில் நோய்" என்பதோடு "எத்தனையை எடுத்துப் பார்த்தார்கள்" என்றும் பாருங்கள். 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டு "இல்லை" என்று வந்தால் அது இல்லை. இரண்டு வருஷத்துக்குப் போட்டு "இல்லை" என்றால் நான் கையெழுத்துப் போடவிடமாட்டேன். தம்பிக்கு நுரையீரலின் கீழ் மடலை எடுத்தார்கள். 9 முடிச்சு பார்த்து ஒன்றிலும் இல்லை, வெட்டு விளிம்பும் சுத்தம், மைட்டோசிஸ் 1. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி இன்னமும் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

எண்களைப் படிப்பதில் இரண்டு குழப்பம் எல்லா வீட்டிலும் வருகிறது. "5 வருஷ சர்வைவல்" என்றால் ஐந்து வருஷம்தான் இருப்பார் என்று அர்த்தமில்லை. ஐந்தாம் வருஷ முடிவில் தலையை எண்ணுகிறார்கள், அவ்வளவுதான். என் மாமா இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு தம்பி பெயரில் இருந்த மனையை மாற்றி எழுதலாமா என்று என்னிடமே கேட்டார். இன்னொன்று மீடியன், பள்ளிக்கூடத்தில் இடைநிலை அளவு என்று படித்தது. பாதிப் பேர் அதற்கு முன்னால், பாதிப் பேர் அதற்குப் பின்னால். பின்னால் இருக்கும் பாதி எவ்வளவு தூரம் போகிறது என்று அந்த எண் சொல்லாது.

நோய் கல்லீரலுக்கோ எலும்புக்கோ பரவியவர்கள் வீட்டில் "11 மாதம்" என்ற எண் காதில் விழக்கூடும். அது எவரோலிமஸ் என்ற மாத்திரையைச் சோதித்த ரேடியன்ட்-4 ஆய்வில் வந்தது. நுரையீரல், குடல் நியூரோஎண்டோகிரைன் கட்டிக்காரர்கள் சேர்த்து 302 பேர். மாத்திரை எடுத்தவர்களுக்கு மீடியன் 11 மாதம், வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 3.9 மாதம். ஆனால் அது ஆயுள் கணக்கில்லை, நோய் மேலும் முற்றாமல் நின்ற காலம். டாக்டர் ஒரு எண் சொன்னால் "இது உயிரோடு இருக்கும் காலமா, நோய் முற்றாத காலமா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியால் எத்தனையோ அழுகை மிச்சம்.

வராந்தாவில் கேட்காதீர்கள். ஓபி கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, தாளில் எழுதிக்கொண்டு உட்கார்ந்து கேளுங்கள்: எந்த வகை, மைட்டோசிஸ் எவ்வளவு, முடிச்சு எத்தனை, இவர் மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள், அவர்கள் இப்போது எப்படி. கடைசிக் கேள்விக்குத்தான் எங்கள் டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு நிதானமாகப் பேசினார்.

அப்புறம், நோயாளியிடம் மறைக்கும் வேலை. நாங்களும் "சும்மா ஒரு கட்டி" என்றோம். ஸ்கேன் சென்டரில் ஃபைலை அவன் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். வெளியே வந்தவன், "அண்ணே, கார்சினாய்டுன்னா என்ன?" என்றான். எனக்கு முன்னாடியே படித்துவிட்டான். இப்போது கேட்டால், முதல் நாளே சொல்லியிருக்கவேண்டும் என்றுதான் சொல்வேன்.

5 வருஷம் முடிந்ததும் ஃபைலைப் பரணில் போட்டுவிடாதீர்கள். கார்சினாய்டு பத்து வருஷம் கழித்தும் திரும்பி வரக்கூடும். டிபிகல்லுக்கும் அது பொருந்தும். எத்தனை வருஷம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சிடி என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். முகம் அடிக்கடி சிவந்து சூடேறினாலோ, காரணமில்லாத வயிற்றுப்போக்கு இருந்தாலோ அதையும் சொல்லுங்கள்; நுரையீரல் கார்சினாய்டில் அது அபூர்வம்தான்.

தம்பிக்கு இது ஏழாவது வருஷம். மாடி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்கும். அடுத்த சிடி தை மாதம். அதே வாரம் மச்சினி கல்யாணம் வருகிறது, ஸ்கேனை இரண்டு நாள் தள்ளிவைக்கச் சொல்லி நேற்று டாக்டருக்குப் போன் போட்டிருக்கிறான்.