சப்நெட் கணக்கு மண்டையைக் குடையும்போது

சிசிஎன்ஏ (சிஸ்கோ நிறுவனம் நடத்தும் கணினி நெட்வொர்க் சான்றிதழ்) பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு, அதில் வரும் சப்நெட் கணக்கு, அதாவது ஒரு நெட்வொர்க்கைச் சின்னச் சின்னதாகப் பிரிக்கிற கணக்கு பற்றி ஒரு சின்னக் குறிப்பு. 120 நிமிடப் பரீட்சை, அதில் ஒரு கேள்வியை விட்டு அடுத்ததுக்குப் போய்விட்டால் திரும்பி வர முடியாது, எனக்கு நெஞ்சு படபடத்ததே அதை நினைத்துத்தான். எங்கள் மலையகத்து ஹட்டன் குளிரில் இரவு ஒரு மணி வரை போர்வைக்குள் வீடியோ பார்த்துக்கொண்டு கிடப்பேன், காலையில் ஒன்றும் ஞாபகம் இருக்காது. அப்புறம் மாற்றிக்கொண்டேன். விடிய ஐந்து மணிக்கு, அம்மா தேயிலை மலைக்கு வேலைக்குப் போக எழும்பும்போதே நானும் எழும்பி, அவர் ஊற்றித் தரும் பிளேன்டீயோடு கொப்பியில் மூன்றே மூன்று கணக்கு. /26 அளவு நெட்வொர்க் என்றால் 64 ஐபி முகவரி, கருவிகளுக்குக் கொடுக்கக்கூடியது 62, இப்படிக் கையாலேயே எழுதிப் பாருங்கள், போன் வேண்டாம். பத்து நிமிடத்துக்கு மேல் சிக்கினால் கொப்பியை மூடிவிட்டு லயத்து வீட்டு வாசலுக்கு வந்து, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள், ஐந்தாறு தடவை செய்தால் படபடப்பு இறங்கும். (மழை நாளில் காலில் அட்டைப்பூச்சி ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள்.) பரீட்சை கொழும்பில் என்றால் முந்தின நாளே இறங்கிச் சொந்தக்காரர் வீட்டில் தூங்குங்கள், அந்த வளைவு ரோட்டு பஸ்ஸே பாதி உயிரை எடுத்துவிடும்.