"மீன் கிடக்குற இடம்தானே, பொழச்சுக்கும்": கரையில் விடப்பட்ட பூனைக்குச் செய்ய வேண்டியவை

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று எந்தக் கரைக்குப் போனாலும், பூனையைக் கொண்டுவந்து விடுகிறவர்கள் சொல்லும் சமாதானம் ஒன்றுதான்: "மீன் கிடக்குற இடம்தானே, பொழச்சுக்கும்." பெரும்பாலும் பிழைப்பதில்லை. வீட்டில் வளர்ந்த பூனைக்குத் தட்டும் தெரியும், சாப்பாட்டு நேரமும் தெரியும். ஏலம் நடக்கும் இடத்தில் காக்கை, நாய், ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் பூனைகள் என்று எல்லாவற்றோடும் மோதி ஒரு மீன் தலையைப் பிடுங்கத் தெரியாது. இருக்கிற பூனைகள் தங்கள் எல்லைக்குள் புதிதாக ஒன்றை விடுவதுமில்லை. கடல் பக்கத்தில் குடிதண்ணீரும் கிடைக்காது. போதாததற்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், கரையில் கழிவு மீனும் விழாது.

பூனைக்கு வீடுதான் முக்கியம், ஆள் முக்கியமில்லை என்பதும் சரியல்ல. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், குட்டிகளை வளர்ப்பவரோடு புது அறையில் விட்டு, அவரை 2 நிமிடம் வெளியே அனுப்பித் திரும்ப வரவைத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 64 விழுக்காட்டுக் குட்டிகள் அவர் வந்ததும் தெளிந்து, அறையைச் சுற்றிப் பார்க்கப் போயின. பக்கத்தில் ஆள் இருப்பதுதான் அவற்றின் தைரியம். கரையில் விடப்பட்ட பூனை விட்ட இடத்தை விட்டு நகராமல் கத்திக்கொண்டிருப்பதும் இதனால்தான்.

விடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு

வீட்டில் ஒரு பெண் கர்ப்பமாக இருந்தால் முதலில் வெளியேறுவது பூனை. டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமிக்குப் பயந்து செய்கிறார்கள். பயப்படக் காரணம் உண்டு, விரட்டக் காரணம் இல்லை. பூனையின் மலத்தோடு வெளிவரும் அந்தக் கிருமி முட்டை தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதனால் மலத்தைத் தினமும் வேறொருவர் அள்ளிவிட்டால் போதும். கர்ப்பிணி மண்ணில் கை வைத்தால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கறியை நன்றாக வேகவைத்துச் சாப்பிட வேண்டும், பூனைக்குப் பச்சைக் கறி போடக் கூடாது. மருத்துவரிடம் இதைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

"குட்டி போட்டுக்கிட்டே இருக்கு" என்பது அடுத்த காரணம். பெண் பூனை 4, 5 மாதத்திலேயே சினை பிடிக்கும். சினைக்காலம் 63 முதல் 65 நாள். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகும். குட்டிகளை மட்டும் கொண்டுபோய் விட்டால், தாய் இன்னும் சீக்கிரம் பருவத்துக்கு வரும்; கணக்கு குறையவே குறையாது. கருத்தடை அறுவை ஒன்றுதான் வழி. எல்லாக் கால்நடை மருந்தகத்திலும் பூனைக்கு அறுவை செய்ய வசதி இராது. முன்கூட்டியே கேட்டு, எத்தனை மணி நேரம் பட்டினி போட வேண்டும் என்றும் தெரிந்துகொண்டு போங்கள். அறுவைக்குப் பிறகு 10 நாள் தையலை நக்கவிடக் கூடாது. ஆண் பூனை வீடெல்லாம் மூத்திரம் அடித்தாலும் இதே அறுவைதான் மருந்து. முன்பு ஒழுங்காக இருந்த ஆண் பூனை திடீரென்று அடிக்கடி முக்கி, ஒரு சொட்டும் வராமல் கத்தினால் அது சேட்டையல்ல, மூத்திரக்குழாய் அடைப்பு. அன்றைக்கே மருத்துவரிடம் போகாவிட்டால் இரண்டு மூன்று நாளில் இறந்துவிடும்.

வீடு மாறுகிறீர்கள் என்றால் புது வீட்டில் ஒரு அறையில் தொடங்கி, 2, 3 வாரம் வெளியே விடாமல் வையுங்கள். முதல் நாளே திறந்துவிட்டால் பழைய வீட்டைத் தேடிப் போய்விடும். பழைய சாக்கு, பழைய தட்டு, பழைய மணல் சட்டி மூன்றையும் கூடவே கொண்டுபோங்கள்.

பசியிலும் தாகத்திலும் துன்பப்படும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவை அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். அந்தத் தொகைக்கு யாரும் அஞ்சப்போவதில்லை. ஆகவே பேசிப் புரியவைக்கிற வேலை நம்முடையது.

குட்டிகள் மட்டும் கிடந்தால்

உடனே தூக்காதீர்கள். சாக்கிலோ கட்டிய பெட்டியிலோ இருந்தால் சந்தேகமே இல்லை, விடப்பட்டவை, எடுத்துவிடுங்கள். வலைக் குவியலுக்குள்ளோ கவிழ்த்த வத்தைக்கு (சிறு படகுக்கு) அடியிலோ இருந்தால் தாய் இரை தேடப் போயிருக்கலாம். குட்டிகளைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மணலைக் கையால் சமன் செய்துவிட்டு, தள்ளிப்போய் 3, 4 மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். தாய் வந்துபோயிருந்தால் மணலில் காலடி இருக்கும், குட்டிகளின் வயிறு உருண்டு, சத்தமில்லாமல் தூங்கும். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வீண் பயம். நாயோ வெயிலோ உடனடி ஆபத்தாக இருந்தால் இரண்டடி தள்ளி நிழலில் வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

தாய் வரவில்லையா? முதலில் சூடு, அப்புறம்தான் பால். இந்த வரிசை மாறுவதால்தான் நிறையக் குட்டிகள் போகின்றன. உடம்பு குளிர்ந்த குட்டிக்குக் குடல் வேலை செய்யாது; உள்ளே போன பால் செரிக்காமல் புளித்துக் குட்டியைக் கொன்றுவிடும். மூன்று வாரம் வரை குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்க முடியாது. வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு கூடினால் மறுபாதிக்கு ஊர்ந்து போக இடம் வேண்டும். மே மாதப் பகலில் பாட்டில் தேவைப்படாது, நிழலும் காற்றும் போதும். இரவில் கடற்காற்று அடிக்கும்போதும், ஐப்பசி கார்த்திகை மழையிலும் கட்டாயம் தேவை. துவண்டு கிடந்தால் ஈறில் ஒரு துளி சர்க்கரைத் தண்ணீரைத் தடவலாம்; வாயில் ஊற்றக் கூடாது.

பசும்பால் ஆகாது. அதிலுள்ள பால்சர்க்கரை குட்டிக்கு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றால் போகும், இந்தப் பருவத்தில் ஒரு நாள் வயிற்றுப்போக்கே உயிரை எடுத்துவிடும். பூனைக் குட்டிகளுக்கென்று விற்கும் பால்பொடிதான் சரி. அது வந்து சேரும் வரை ஓரிரு நாளுக்கு, காய்ச்சி ஆறவைத்த ஆட்டுப்பால் 100 மில்லியில் ஒரு கோழிமுட்டை மஞ்சள் கருவை அடித்து வடிகட்டிக் கொடுக்கலாம். அது தற்காலிக ஏற்பாடுதான்.

ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்கு 4 மில்லி. பிறந்த குட்டி 100 கிராம் அளவில் இருக்கும். அதன் வயிறு கொள்வது அவ்வளவுதான். முதல் வாரம் இரவும் பகலும் 2, 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரண்டாம் வாரம் 3, 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை, பிறகு 5 மணி நேர இடைவெளி. ஊசி கழற்றிய 2 மில்லி சிரிஞ்சு போதும். குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்துக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புறப் படுத்த நிலையில், தலையை அதிகம் உயர்த்தாமல், அது உறிஞ்சுகிற வேகத்துக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். மூக்கில் பால் வந்தால் நிறுத்திவிடுங்கள்.

பலரும் மறந்துவிடுவது ஒன்று: மூன்று வாரம் வரை குட்டி தானாக மூத்திரம் போகாது. தாய் நக்கிவிட வேண்டும். தாய் இல்லாதபோது வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் ஒவ்வொரு வேளையும் பின்பக்கத்தை மெல்ல ஒற்றியெடுங்கள்.

தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். மீன் கடை டிஜிட்டல் தராசு போதும். நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டால் கவனியுங்கள், குறைந்தால் மருத்துவரிடம் போங்கள். கண் 7 முதல் 14 நாளுக்குள் திறக்கும். நான்காம் வாரம் பாலில் குழைத்த வெந்த மீனைத் தொடங்கலாம். மணல் சட்டியும் அப்போதே. ஆனால் முதலில் கிழித்த செய்தித்தாள் போடுங்கள், குட்டி மணலைத் தின்று பார்க்கும்.

தெள்ளுப்பூச்சிக்கு மண்ணெண்ணெய், டீசல், நாய்க்கான மருந்து எதுவும் வேண்டாம். நாய் மருந்து பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாரி, சோப்புத் தண்ணீரில் முக்கிக் கொல்லுங்கள். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்தால் ஒரு மாத்திரையே கொன்றுவிடும்.

இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரைதான் குட்டி மனிதரைப் பழகும் காலம். இந்த நாட்களில் தினமும் இரண்டு மூன்று பேர் கையில் எடுத்தால், பிறகு வீடு தேடித் தருவது சுலபம். எட்டு வாரத்துக்கு முன் யாருக்கும் கொடுக்காதீர்கள். எட்டாம் வாரத்தில் முதல் தடுப்பூசி, பன்னிரண்டாம் வாரத்தில் வெறிநோய்த் தடுப்பூசி.

வளர்ந்த பூனை

மனிதரைக் கண்டதும் கத்திக்கொண்டு வருவது, ஐஸ் பெட்டிக்குப் பின்னால் ஒரே இடத்தில் ஒடுங்கிக் கிடப்பது, ரோமம் சுத்தமாக இருந்தும் விலா தெரிவது, நீள ரோமம் சிக்குப் பிடித்துக் கிடப்பது: இவையெல்லாம் வீட்டுப் பூனையின் அடையாளம். கரையிலேயே பிறந்தது நாலடி தள்ளி நின்றுதான் உங்களைப் பார்க்கும்.

விடப்பட்ட பூனை பயத்தில் சாப்பிடாது. கொழுத்த பூனை மூன்று நாலு நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ப் படிந்து, அதுவே ஆளைச் சாய்த்துவிடும். ஈறும் காதின் உட்புறமும் மஞ்சளித்தால் அந்த நிலை. ஆகவே இரண்டாம் நாளே பிடித்துவிட வேண்டும். ஓட்டையுள்ள இரண்டு பிளாஸ்டிக் மீன் தட்டுகளை நன்றாகக் கழுவி, முகத்தோடு முகம் வைத்துக் கயிற்றால் கட்டினால் கூண்டு தயார். ஒரு பக்கத்துக் கயிற்றை மட்டும் அவிழ்த்து, உள்ளே சுடச்சுட வெந்த மீனை வைத்து, பூனை நுழைந்ததும் மூடித் துணி போர்த்துங்கள். இருட்டானதும் அடங்கிவிடும். சாக்கில் மட்டும் போடாதீர்கள். அதைக் கொண்டுவந்து விட்டதே சாக்கில்தான்.

கடித்தாலோ பிறாண்டினாலோ 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறிநோய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பூனையாலும் வெறிநோய் வரும்.

வீட்டில் வேறு பூனை இருந்தால் புதியதை இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். தரையை ஃபீனைலால் துடைக்காதீர்கள், பாதத்தை நக்கி உள்ளே போகும். பூனையின் ரோமத்தில் பெயின்டோ டீசலோ ஒட்டியிருந்தால் சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்பால் கழுவுங்கள். வாயிலிருந்தோ பின்பக்கத்திலிருந்தோ தங்கூசி நரம்பு (தூண்டில் நைலான் இழை) தொங்கினால் இழுக்கவே கூடாது. உள்ளே தூண்டில் முள் மாட்டியிருந்தால் குடல் கிழியும்.

மீனும் தடைக்காலமும்

மீன் என்றால் எல்லா மீனும் அல்ல. சூடை, நெத்திலி போன்ற சிறுமீன்கள் பலவற்றில் பி1 உயிர்ச்சத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. பச்சையாக அதையே தின்னும் பூனைக்குக் கழுத்து தொங்கும், நடை தள்ளாடும், வலிப்பு வரும். வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். வெந்த தண்ணீரையும் சேர்த்துக் கொடுங்கள், பூனைக்குக் கட்டாயம் வேண்டிய டாரின் என்ற சத்து அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். உடம்பை ஊதிக்கொள்ளும் பேத்தை மீனின் நஞ்சோ வேகவைத்தாலும் போகாது. கரையில் எறிந்து கிடந்தால் மண்ணில் புதைத்துவிடுங்கள். கருவாடு உப்பு, வேண்டாம். கொழுப்பு மீனையே தினமும் போடாமல், தடைக்காலத்தில் கோழிக்கடையில் தலை, கழுத்துச் சதை, ஈரல் வாங்கி வேகவைத்துக் கலந்து போடலாம். ஈரல் வாரம் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். வெங்காயம், பூண்டு விழுந்த குழம்புச் சோறு ஆகாது. நாலு கிலோ பூனைக்கு நாளுக்கு 150 முதல் 200 கிராம் வெந்த சதை, அல்லது 50, 60 கிராம் உலர் தீனி.

ஒரே நேரம், ஒரே இடம், வலை உலர்த்தும் இடத்திலிருந்து தள்ளி. அரை மணி கழித்து மிச்சத்தை அள்ளிவிடுங்கள். ஈ மொய்த்தால் கரைக்காரர்கள் பூனையைத்தான் அடிப்பார்கள். தண்ணீரை நிழலில் மண்சட்டியில் வையுங்கள். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் குடத்துத் தண்ணீரை ஊற்றுங்கள். தினமும் வரும் பூனைகளை எண்ணி வைத்துக்கொண்டால், பெண் பூனைகளை ஒவ்வொன்றாகக் கருத்தடைக்குக் கொண்டுபோகலாம். அறுவை முடிந்ததற்கு அடையாளமாக இடது காது நுனியை மருத்துவர் நேராக நறுக்கிவிடுவார். பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும்.

படகுகள் இரண்டு மாதம் சும்மா கிடப்பதால் தாய்ப்பூனைகள் வலை அறையிலும் எஞ்சின் அறையிலும் குட்டி போடும். தடை முடிந்து கடலுக்குப் போகும் நாளுக்கு மூன்று நாள் முன்பே படகுக்காரரிடம் கேட்டு, டார்ச்சோடு ஏறி வலை மடிப்புக்குள், ஐஸ் கிடங்குக்குள், பலகைக்கு அடியில் பாருங்கள். குட்டிகளைத் தாயின் கண் முன்னாலேயே பெட்டிக்கு மாற்றி, இறக்கியதும் எண்ணுங்கள். பெட்டியைப் படகின் பக்கத்திலேயே நிழலில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். தாய் படகுக்கே திரும்பிப் போய்க் கத்தினால் இன்னும் ஒன்று உள்ளே இருக்கிறது. மறுபடி ஏறித் தேடுங்கள்.