பழைய வீட்டு மாடியில் டிரெட்மில் போடும் முன்

முடிந்தால் தரைத்தளத்திலேயே போட்டுவிடுங்கள், பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும். மாடிதான் வழி என்றால், முதலில் கீழறைக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். மரக்கட்டைகள் வரிசையாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ்: கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் இறுக்கிய தளம். கட்டை செல்லரித்திருந்தாலோ சாந்து உதிர்ந்தாலோ, பொறியாளர் ஒருவர் பார்க்காமல் மெஷினை மேலே ஏற்றவே வேண்டாம்.

தளம் திடமாக இருந்தாலும் அறை நடுவில் போடாதீர்கள். கட்டை அதிகம் வளைவதும் அதிர்வதும் அங்கேதான். கட்டைகள் சுவரில் உட்காரும் ஓரத்தில், சுவருக்கு இணையாக வைத்தால் பாரம் பல கட்டைகளுக்குப் பிரியும். மெஷின் சுவரைத் தொடக் கூடாது, தொட்டால் சத்தம் சுவர் வழியே இறங்கும். பின்பக்கம் ஓர் ஆள் நீளத்துக்கு இடம் காலியாக இருக்கட்டும்.

அடியில் முக்கால் அங்குல பிளைவுட், அதன் மேல் கனமான ரப்பர் பாய். யோகா பாய் சரிப்படாது, சீக்கிரம் நசுங்கிவிடும் (நான் காசை வீணாக்கித் தெரிந்துகொண்டது).

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல 2 முதல் 3 மடங்கு விசை தரையில் இறங்குகிறது. வேகமான நடையில் அவ்வளவு இல்லை. அதனால் மாடியில் நடை மட்டும் போதும், சாய்வைக் கூட்டினால் நன்றாகவே வியர்க்கும்.

அப்புறம், பழைய வயரிங். எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் தனியாக வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது.