ராஜா யாரைக் கேட்டார்? பிடித்த கலைஞரின் ரசனை வழியே பாட்டுத் தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுப் பாட்டு வேண்டுமென்றால் யூடியூப் தானாகவே அடுத்ததைப் போட்டுவிடுகிறது. ஆனால் அது போடுவதெல்லாம் நேற்றுக் கேட்ட பாட்டின் தம்பி தங்கைகள்தான். ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் மணிக்கணக்காக ஓடுவதும் கிட்டத்தட்ட அதே ரகம். இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. நமக்குப் பிடித்த இசைக்கலைஞர் யாரைக் கேட்டு வளர்ந்தார், யாரிடம் படித்தார், யாருக்கு வாசித்தார் என்று தேடிக்கொண்டு போவது. அப்படிக் கிளம்பும் பலர் இரண்டு மூன்று பாட்டுக் கேட்டதுமே அலுத்துப்போய்ப் பழைய பட்டியலுக்கே திரும்பிவிடுகிறார்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் அவர்கள் தேடும் விதம்தான்.

மேடைப் பேச்சை ரசனை என்று நம்புவது முதல் தவறு. பாடல் வெளியீட்டு விழாவில் எல்லோரும் எல்லோரையும் புகழ்வார்கள். அதில் பாதி மரியாதை, மீதி வியாபாரம். ஒரு கலைஞருக்கு உண்மையில் என்ன பிடிக்கும் என்பது அவர் வேலையில்தான் தெரியும். 1993 நவம்பரில் நியூயோர்க்கில் எம்டிவி தொலைக்காட்சிக்காக வாசித்த நிர்வானா என்ற அமெரிக்க ராக் குழு, தன் பிரபலமான பாட்டுகளை மட்டும் பாடிவிட்டுப் போயிருக்கலாம். அவர்களோ அன்று ஆறு பாட்டுகளை மற்றவர்களிடமிருந்து எடுத்துப் பாடினார்கள். அதிகம் பேர் அறியாத மீட் பப்பெட்ஸ் குழுவின் சகோதரர்களை மேடைக்கே அழைத்து உட்கார வைத்தார்கள். கடைசியாக நிர்வானாவின் பாடகர் கேர்ட் கோபேன் பாடியது, 1949இல் இறந்துபோன லெட் பெல்லி பாடிப் பரப்பிய ஒரு பழைய நாட்டுப்பாடல். ஒரு பேட்டியில் சொல்லும் பத்துப் பெயரைவிட இப்படிப்பட்ட ஒரு இரவு அதிகம் சொல்லும்.

அடுத்தது, பெரிய பெயரோடு நின்றுவிடுவது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் இதுதான் அதிகம் நடக்கிறது.

இளையராஜாவின் ரசனை என்றதும் எல்லோரும் சொல்வது ஜெர்மன் இசைமேதை பாக், தியாகராஜர். 1986இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பை அவர் அந்த இருவருக்கும்தான் காணிக்கையாக்கினார். சரி, அதுவும் ஒரு கதவுதான். ஆனால் 1976இல் ‘அன்னக்கிளி’ வருவதற்கு முன்பு அவர் இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்ததையும், இன்னொரு இசையமைப்பாளரான சலில் சௌத்ரிக்கு கிட்டார் வாசித்ததையும் எத்தனை பேர் பின்தொடர்ந்து போகிறார்கள்? ஒருவர் சம்பளத்துக்கு வாசித்த இடத்தில்தான் அவர் காது அதிகம் பழகியிருக்கும்.

சலில் சௌத்ரி வங்காளி. ஆனால் அவருடைய சிறுவயதின் பெரும்பகுதி அசாம் தேயிலைத் தோட்டங்களில் கழிந்தது. அப்பா தோட்டத்து டாக்டர். வீட்டுக்குள் மேற்கத்திய சாஸ்திரிய இசைத்தட்டுகள், வெளியே தொழிலாளர்களின் பாட்டுகள். டாக்டரையா பங்களாவும் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பாட்டும் ஒன்றுக்கொன்று எவ்வளவு கிட்டே, எவ்வளவு தூரம் என்பதை மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்த இரண்டையும் ஒரே காதில் வாங்கியவர்தான் 1965இல் ‘செம்மீன்’ படத்துக்கு இசையமைத்தார். மட்டக்களப்புக்காரரான பாலு மகேந்திரா 1979இல் எடுத்த ‘அழியாத கோலங்கள்’ படத்துக்கும் அவர்தான் இசை. அதில் வரும் ‘பூவண்ணம் போல நெஞ்சம்’ பாட்டைக் கேளுங்கள். அப்புறம் அதே இயக்குநரின் ‘மூடுபனி’யில் (1980) ராஜா போட்ட ‘என் இனிய பொன் நிலாவே’. இயக்குநர் ஒருவர், இசையமைப்பாளர்கள் இருவர், இடைவெளி ஏறக்குறைய ஒரு வருடம். முதல் பாட்டில் மெட்டு எதிர்பாராத இடத்தில் திரும்புவதையும், இரண்டாவதில் கிட்டார் பாட்டையே தாங்கிக்கொண்டு போவதையும் கவனித்தால் போதும். ஒரு மாதத்துக்குக் கேட்க வேலை கிடைத்துவிடும்.

இங்கேதான் இன்னொரு தவறு வந்து மாட்டும்: “ராஜா மாதிரியே இல்லையே!” மாதிரி இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். மூலத்தில் இருப்பது முழுப் பாட்டாக வந்து சேராது. ஒரு திருப்பமோ, வயலின்களை அடுக்கும் விதமோ, இரண்டு குரல் ஒன்றன்கீழ் ஒன்று ஓடும் பழக்கமோ மட்டும்தான் வந்து சேரும்.

இதற்கு நேர் எதிரானவர்களும் இருக்கிறார்கள். எங்கே ஒற்றுமை தெரிந்தாலும் “சுட்டது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்கள். 1961இல் வந்த ‘சாயா’ என்ற இந்திப் படத்தில் சலில் சௌத்ரி மோஸார்ட்டின் 40ஆவது சிம்பொனியின் தொடக்கத்தை அப்படியே எடுத்து ஒரு காதல் பாட்டாக்கினார். அது மறைத்துச் செய்த வேலை இல்லை, காது உள்ள எவருக்கும் தெரியும். கண்டுபிடித்துவிட்டோம் என்ற பெருமையோடு நிறுத்தாமல் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், மோஸார்ட்டிடம் படபடப்பாக ஓடும் மெட்டு இங்கே எப்படிக் கொஞ்சலாக மாறியது என்பது பிடிபடும். 1788இல் எழுதிய சிம்பொனியைக் கேட்க உங்களுக்கு ஒரு காரணமும் கிடைத்துவிடும்.

அவசரமும் கெடுக்கும். ரஹ்மானின் 1997 ‘வந்தே மாதரம்’ தொகுப்பில் பாகிஸ்தான் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கானின் குரலைக் கேட்டு மயங்கி, அவருடைய கவ்வாலி என்ற சூஃபி பக்திப் பாட்டைத் தேடிப் போவார்கள். பல பதிவுகள் பதினைந்து, இருபது நிமிடத்தைத் தாண்டும். ஆரம்பத்தில் ஹார்மோனியமும் மெதுவான ஆலாபனையும்தான் இருக்கும். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு அடுத்ததைத் தட்டினால், கைதட்டு ஏறி, குரல்கள் மோதிக்கொள்ளும் இடம் வராமலே போய்விடும். முழுதாக ஒன்றே ஒன்று கேளுங்கள். மாறாக, பாக்கிடம் போகிறவர்கள் சின்னதிலிருந்து தொடங்கலாம். ‘ஹவ் டு நேம் இட்’டில் ராஜா எடுத்தாண்ட, தனி வயலினுக்கான மூன்றாம் பார்ட்டிட்டாவின் (பல பகுதிகள் கொண்ட இசைக்கோவை) முதல் பகுதி சுமார் நான்கே நிமிடம்.

போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அதில் பேஸ் கிட்டார் பாதி காணாமல் போகும். ராஜாவின் பாட்டுகளில் பாதிக் கதை அங்கேதான் நடக்கிறது. சாதாரண இயர்போன் போதும். தோட்டத்தில் சிக்னல் இழுபடும் என்றால், டவுனுக்குப் போகும்போது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மொழி தெரியாது என்று ஒதுக்குவதும் வீண் நட்டம். வங்காளத்தை விடுங்கள், பக்கத்து வீட்டு ரேடியோவில் ஓடும் சிங்களப் பாட்டையே நாம் எத்தனை பேர் தேடிக் கேட்டிருக்கிறோம்? முதல் சிங்களப் பேசும் படமான ‘கடவுனு பொறொந்துவ’ (1947) மதுரையில் படமாக்கப்பட்டது. அதில் நடித்துப் பாடிய ருக்மணி தேவி, நுவரெலியா மாவட்டத்து இறம்பொடையில் கொழும்புச் செட்டிக் குடும்பத்தில் பிறந்தவர். சிங்களப் பாடகர் அமரதேவ லக்னோ போய் வட இந்திய சங்கீதம் படித்துவிட்டு வந்து சிங்கள நாட்டுப் பாட்டைக் கையில் எடுத்தார். இந்தப் பாட்டுகளுக்குள் நுழைய மொழி அவ்வளவு பெரிய தடை இல்லை.

கடைசியாக ஒன்று. ரசனையைப் பின்தொடரத் தகுந்தவர் என்றால் அவர் சென்னையிலோ லண்டனிலோதான் இருக்க வேண்டும் என்ற நினைப்பு. மாசியில் காமன் கூத்துக்குத் தப்பு மேளம் அடிக்கிறவரும் இசைக்கலைஞர்தான். சாவு வீட்டு அடி, திருவிழா அடி, அந்தக் காலத்தில் பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதற்கு) ஆள் எழுப்பிய அடி எல்லாம் அவருக்குத் தனித்தனி. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ நூலில் வரிகள் இருக்கின்றன. ஆனால் மெட்டும் அடியும் ஆட்களிடம்தான் இருக்கின்றன. “யாருகிட்ட பழகுனீங்க தாத்தா? யாரு அடிச்சா ஒங்களுக்குப் புடிக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்துத் தோட்டத்துப் பெயர் ஒன்று வரும், அங்கே போங்கள். அவர் சம்மதித்தால் போனில் பதிந்துகொள்ளுங்கள். பதிந்த கையோடு அவர் பெயர், தோட்டம், டிவிஷன், அடியின் பெயர், திகதி எல்லாவற்றையும் அந்த ஃபைலுக்கே பெயராகப் போட்டுவிடுங்கள். வெறும் எண்ணோடு கிடக்கும் பதிவு யாருடையது என்று அடுத்த மாசிக்குள் உங்களுக்கே மறந்துவிடும்.