'என்ஃபோர்ஸ்' என்ற ஆங்கில வினையைப் பிழையின்றிக் கையாளும் முறை

ஊழியர்கள் அடையாள அட்டை அணிந்து வரவேண்டும் என்று நிர்வாகம் கட்டாயப்படுத்தியதை ஆங்கிலக் கடிதம் ஒன்றில் குறிப்பிட வேண்டியிருந்தபோது, 'தி மேனேஜ்மென்ட் என்ஃபோர்ஸ்ட் தி ஸ்டாஃப் டு வேர் ஐடி கார்ட்ஸ்' என்று எழுதி அனுப்பினேன். கடிதத்தைச் சரிபார்த்த மேலதிகாரி அந்த வினையை மட்டும் சுழித்துத் திருப்பி அனுப்பினார், காரணம் எழுதவில்லை. என்னிடமிருந்த ஆங்கிலம் தமிழ் அகராதியைப் புரட்டினால், அதிலும் 'கட்டாயப்படுத்து' என்றே இருந்தது. பொருள் சரியாக இருக்கும்போது வாக்கியம் எப்படித் தவறாகும் என்பது எனக்கு விளங்கப் பல நாட்கள் ஆயின. அந்தத் தேடலில் தெரிந்துகொண்டதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதற்படி: ஒலியும் வடிவங்களும்

இரண்டாம் அசையை அழுத்திச் சொல்ல வேண்டும். இறந்தகால வடிவமான 'என்ஃபோர்ஸ்ட்' இரண்டே அசை கொண்டது. அதை 'என்ஃபோர்சிட்' என்று நீட்டக் கூடாது. பெயர்ச்சொல் 'என்ஃபோர்ஸ்மென்ட்'. 'அமலாக்கத்தக்க' என்ற பொருளுடைய 'என்ஃபோர்சபிள்' என்பதை எழுதும்போது, 'சி' என்ற எழுத்துக்குப் பின்வரும் 'ஈ' என்ற எழுத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லையெனில் 'சி' ககர ஒலி பெற்றுவிடும்.

இரண்டாம் படி: செயப்படுபொருளைப் பாருங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். 'கட்டாயப்படுத்தினார்' என்று சொன்னவுடன் நம் மனத்தில் எழும் கேள்வி 'யாரை?' என்பது. 'ஊழியர்களை', 'மாணவர்களை' என்று இரண்டாம் வேற்றுமை உருபு ஏற்ற ஆட்பெயரே அதற்கு விடையாக வரும். 'அமல்படுத்தினார்' என்றாலோ 'எதை?' என்றுதான் கேட்போம். விதியை, சட்டத்தை, தீர்ப்பை என்று விடை வரும். எவரும் 'ஊழியர்களை அமல்படுத்தினார்' என்று சொல்வதில்லை. 'என்ஃபோர்ஸ்' இந்த இரண்டாவது வினையின் இனத்தைச் சேர்ந்தது. அகராதி அதை முதல் வினையோடு சேர்த்துவிட்டதால், தமிழில் இயல்பாகவே எனக்குத் தெரிந்திருந்த வேறுபாட்டை ஆங்கிலம் எழுதும்போது தவறவிட்டேன்.

ஆகவே, எழுதுமுன் 'யாரை?', 'எதை?' என்னும் இரு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். 'யாரை?' என்பதற்கு விடை வருமானால் 'ஃபோர்ஸ்', 'கம்பெல்', 'மேக்' ஆகியவற்றுள் ஒன்று பொருந்தும், 'எதை?' என்பதற்கு விதியோ உத்தரவோ விடையாக வருமானால் 'என்ஃபோர்ஸ்' பொருந்தும். என் வாக்கியத்தை இரு வழிகளில் திருத்தலாம். 'தி மேனேஜ்மென்ட் மேட் தி ஸ்டாஃப் வேர் ஐடி கார்ட்ஸ்' என்பது ஒன்று. 'தி மேனேஜ்மென்ட் என்ஃபோர்ஸ்ட் தி ஐடி கார்ட் ரூல்' என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே பொருளைத் தருவன அல்ல. இரண்டாவது வாக்கியத்தில், அடையாள அட்டை குறித்த விதி முன்பே இருந்தது என்பதும், அது மீறப்படாமல் நிர்வாகம் பார்த்துக்கொண்டது என்பதும் அடங்கியுள்ளன. முதல் வாக்கியத்தில் அப்படியொரு விதி இருந்ததா என்பதே தெரியாது.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது, அடிமை முறையை ஒழித்து 1865-இல் ஏற்கப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தம். அதன் முதற்பிரிவு அடிமை முறையைத் தடைசெய்கிறது. இரண்டாம் பிரிவு, 'காங்கிரஸ் ஷல் ஹேவ் பவர் டு என்ஃபோர்ஸ் திஸ் ஆர்ட்டிக்கிள்' என்று தொடங்கி, உரிய சட்டங்கள் வழியாக அதைச் செய்யும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கு வழங்குகிறது. இங்கே செயப்படுபொருள் 'திஸ் ஆர்ட்டிக்கிள்', அதாவது தடைவிதியே; அந்த விதிக்குக் கட்டுப்பட வேண்டிய மனிதர்கள் வாக்கியத்தில் இடம்பெறவே இல்லை. மனிதரைக் குறிப்பிட்டே ஆக வேண்டுமென்றால் 'ஆன்' அல்லது 'அகென்ஸ்ட்' என்ற முன்னிடைச்சொல்லுக்குப் பின் குறிப்பிடலாம்; கடன்பட்டவருக்கு எதிராகத் தீர்ப்பு நிறைவேற்றப்படும்போது 'அகென்ஸ்ட்' வரும்.

16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஆளையே இவ்வினைக்குச் செயப்படுபொருளாக்கி எழுதும் வழக்கம் இருந்தது. பழைய நூல்களில் அத்தகைய வாக்கியத்தைக் கண்டால் அதை அக்கால வழக்கு என்று கொள்ளுங்கள். இன்றைய எழுத்தில் பின்பற்ற வேண்டாம்.

மூன்றாம் படி: அண்டைச் சொற்களைப் பிரித்தறியுங்கள்

புதிய கட்டுப்பாட்டை ஒருவர்மேல் சுமத்துவது 'இம்போஸ்'. திட்டத்தைச் செயலுக்குக் கொண்டுவருவது 'இம்ப்ளிமென்ட்'. இருக்கிற விதியை மீறாமல் பார்த்துக்கொள்வது, மீறினால் நடவடிக்கை எடுப்பது 'என்ஃபோர்ஸ்'. தமிழில் 'அமல்படுத்து' என்ற ஒரே சொல் பின்னிரண்டுக்கும் வழங்குவதால் மொழிபெயர்ப்பவர் சற்று நிதானிக்க வேண்டும். 'அமல்' என்ற அரபுச் சொல்லுக்குச் செயல் என்பதே பொருள். வற்புறுத்தல் அதில் இல்லை. எனவே வாக்கியத்தில் கண்காணிப்பு, அபராதம், தண்டனை ஆகியவற்றுள் ஒன்றையேனும் உறுத்தலின்றிச் சேர்க்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் 'என்ஃபோர்ஸ்' எழுதலாம்.

'இன் ஃபோர்ஸ்' என்று இரு சொற்களாக வரும் தொடரையும் இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது சட்டம் செல்லுபடியாகும் நிலையில் இருப்பதை மட்டுமே குறிக்கும். தலைக்கவசம் கட்டாயம் என்ற விதி நடப்பில் இருக்கிறது, ஆனால் அணியாதவரை எவரும் நிறுத்துவதில்லை என்றால், அந்த விதி 'இன் ஃபோர்ஸ்'. ஆயினும் 'என்ஃபோர்ஸ்ட்' அன்று. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் ஆங்கிலச் செய்திகளின் தலைப்புகளே எனக்குத் தெளிவாகப் புரியத் தொடங்கின.

நான்காம் படி: அகராதியைத் தேர்ந்தெடுங்கள்

வினைகளைப் பொறுத்தவரை, ஆங்கிலம் கற்போருக்கென்றே எழுதப்பட்ட ஒருமொழி அகராதியையே நான் பரிந்துரைப்பேன். இருமொழி அகராதி சொல்லின் பொருளைத் தரும், வாக்கிய அமைப்பைக் காட்டாது. இந்த வகை அகராதிக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவரான ஏ. எஸ். ஹார்ன்பி, 1942-இல் ஜப்பானிலும் பின்னர் 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டிலும் வெளியான தம் அகராதியில் வினைக்குப் பின் எது வரும் என்பதை அமைப்பு அமைப்பாக வகுத்துக் காட்டினார். என் கடிதத்தின் பிழையை அத்தகைய அகராதி ஒன்றே வெளிச்சமாக்கியது. பொருளைப் படித்தவுடன் பக்கத்தை மூடிவிடாமல், எடுத்துக்காட்டு வாக்கியங்களில் வினையை அடுத்து நிற்கும் சொற்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: 'லா', 'ரூல்', 'பேன்', 'கான்ட்ராக்ட்', 'டிசிப்ளின்'. அவற்றுள் ஒன்றுகூட மனிதரைக் குறிக்காது.

பின்சேர்க்கை

இதைப் படித்த நண்பர் ஒருவர், 'என்ஃபோர்ஸ்ட் ரெஸ்ட்' என்ற தொடரைக் காட்டி, ஓய்வு விதியல்லவே என்று கேட்டார். நியாயமான ஐயம். இங்கே அச்சொல் பெயரடையாக நின்று, தாமே விரும்பி எடுக்காமல் நோயோ சூழ்நிலையோ சுமத்திய ஓய்வைக் குறிக்கிறது. 'கட்டாய ஓய்வு' என்பது பொருத்தமான மொழிபெயர்ப்பு. ஓய்வு, மௌனம், ஒழுங்கு போன்ற நிலைகளும் விதியைப் போலவே இவ்வினையோடு சேரும்.

மென்பொருள் துறையில் இருக்கும் மற்றொருவர், தரவுத்தளம் விதியை 'என்ஃபோர்ஸ்' செய்கிறது என்று தம் அலுவலகத்தில் எழுதுவது சரியா என்று வினவினார். முற்றிலும் சரி. ஒரே மின்னஞ்சல் முகவரி இருமுறை பதிவாகக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கும்போது, இரண்டாவது பதிவைத் தரவுத்தளம் ஏற்க மறுத்துப் பிழைச்செய்தி காட்டுகிறது. எழுவாய் மனிதராக இல்லாவிட்டாலும், 'எதை?' என்ற கேள்விக்கு 'கட்டுப்பாட்டை' என்ற விடை அங்கே கிடைத்துவிடுகிறது.