புதுக் கார் என்ஜினைப் பழக்குவது எப்படி? முதல் ஆயிலை எப்போது மாற்றுவது?

புதுக் கார் வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு அறிவுரையும் கூடவே வரும். "ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் 50-ஐத் தாண்டாதீங்க" என்பார் ஒருவர். "இப்ப வர்ற வண்டிக்கு அதெல்லாம் தேவையே இல்ல" என்பார் இன்னொருவர். முதல் பேச்சு அம்பாசடர், பத்மினி காலத்துக்குச் சரி. இரண்டாவது பாதிதான் சரி. 1.0 முதல் 1.5 லிட்டர் வரையுள்ள சாதாரணப் பெட்ரோல் கார்களை மனதில் வைத்து இந்தச் செய்முறை எழுதப்பட்டிருக்கிறது. டர்போவுக்கும் டீசலுக்கும் எங்கே மாறுமோ அங்கே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

சிலிண்டரின் உள்சுவரில் ஹோனிங் செய்து, குறுக்கு மறுக்காக நுண்ணிய கோடுகள் போட்டிருப்பார்கள். ஆயில் தங்குவது அந்தக் கோடுகளில்தான். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் உலோக வளையமான பிஸ்டன் ரிங் மேலும் கீழும் போய்வரும்போது கோடுகளின் கூர்முனைகள் தேய்ந்து, ரிங்கின் முகமும் சுவரும் ஒன்றோடொன்று படியும். மெக்கானிக்குகள் இதை ‘ரிங் செட் ஆவது’ என்பார்கள்.

ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமல்ல. எரியும் வாயு ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. பெரிய விசை அதுதான். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அந்த அழுத்தம் கூடும், விட்டால் குறையும். ஆகவே ஆயிரம் கிலோமீட்டரையும் பொத்திப் பொத்தி ஓட்டினால் ரிங் சரியாக அழுந்தாது. சுவரில் தங்கிய ஆயில் கருகி, வார்னிஷ் போல இறுகிக் கோடுகளை மூடிவிடும். இதற்குக் கிளேஸிங் என்று பெயர். அப்புறம் வண்டி ஆயில் குடிக்கத் தொடங்கினால் என்ஜினைப் பிரித்து மறுபடி ஹோனிங் போடுவதுதான் வழி.

நேர்மாறாக, எடுத்த முதல் நாளே ரெட்லைன் (என்ஜின் சுழலும் வேகத்தின் சிவப்பு எல்லை) வரை முறுக்கினால், இன்னும் படியாத பரப்புகள் அளவுக்கு மீறிச் சூடாகும். ஆயில் படலம் கிழிந்து உலோகத்தோடு உலோகம் உரசும். சுவரில் விழும் அந்தக் கீறல் போகவே போகாது.

படி 1: சாவி வாங்கும் நாள்

ஷோரூம் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்குவதற்கு முன் பானட்டைத் திறக்கச் சொல்லி டிப்ஸ்டிக்கை (ஆயில் மட்டம் காட்டும் கம்பி) பாருங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கும் நடுவில், மேல் குறியை ஒட்டி இருப்பது நல்லது. அந்த மட்டத்தைப் படம் எடுத்து வையுங்கள். பின்னால் ‘ஆயில் குறைகிறதா’ என்ற கேள்வி வந்தால் ஒப்பிட அதுதான் ஆதாரம்.

கையேட்டில் ‘ரன்னிங்-இன்’ அல்லது ‘பிரேக்-இன்’ என்ற பகுதி அநேகமாக ஒரு பக்கம்கூட இருக்காது. அதைப் படித்துவிடுங்கள். இங்கே சொல்வதும் அதுவும் முரண்பட்டால் கையேடு சொல்வதே முடிவு.

படி 2: முதல் 300 கி.மீ.

இந்தக் கட்டத்தில் என்ஜின் மட்டும் புதிதல்ல. டயரின் மேல்பரப்பும் பிரேக் பேடும் இன்னும் படியவில்லை. பிடிப்பு கொஞ்சம் குறைவாகவே இருக்கும். முன்னே போகும் வண்டியோடு வழக்கத்தைவிட அதிக இடைவெளி விடுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் போதும், கிளம்பிவிடலாம். நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் உறுமவிட்டுச் சூடேற்றுவது புது என்ஜினுக்கு நல்லதே அல்ல. சுமையில்லாமல் ஓடும்போது ரிங்குக்கு அழுத்தம் கிடைக்காது. சரியாக எரியாத பெட்ரோல் ரிங் வழியாகக் கசிந்து ஆயிலில் கலக்கும். வெப்பமுள் வழக்கமான இடத்துக்கு வரும்வரை 2,500 ஆர்பிஎம்முக்குள் (நிமிடத்துக்கு என்ஜின் சுழலும் சுற்றுகள்) ஓட்டுங்கள். சூடானபின் 3,000 வரை போகலாம்.

ஏசி போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம்.

படி 3: 300 முதல் 1,000 கி.மீ. வரை

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: சுமை கொடுப்பது, எடுப்பது, மறுபடி கொடுப்பது.

போக்குவரத்து குறைந்த நேரான சாலையில், பின்னால் வண்டி வராதபோது, என்ஜின் நன்றாகச் சூடான பிறகு இப்படிச் செய்யுங்கள். மூன்றாம் கியரில் 40 கி.மீ. வேகத்தில் தொடங்கி, ஆக்ஸிலரேட்டரைப் பாதி முதல் முக்கால் வரை சீராக மிதித்து 70-க்குக் கொண்டுபோங்கள். அங்கே கிளட்சைத் தொடாமல், கியரை மாற்றாமல் காலை எடுத்துவிடுங்கள். வண்டி தானாக 40-க்கு இறங்கட்டும். மிதிக்கும்போது ரிங் சுவரில் அழுந்துகிறது. காலை எடுக்கும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் வெற்றிடம் கொஞ்சம் ஆயிலை மேலே இழுத்துச் சுவரைக் குளிர்வித்து, தேய்ந்த துகள்களைக் கழுவிக்கொண்டு போகிறது. ஒரு பயணத்தில் எட்டுப் பத்து முறை செய்தால் போதும்.

உச்சவரம்பு பெட்ரோலுக்கு 4,000 ஆர்பிஎம், டீசலுக்கு 3,000. மிதியைத் தரைவரை அழுத்த வேண்டாம். ஆட்டோமேட்டிக்கில் மேனுவல் முறை இருந்தால் அதில் வைத்துக்கொள்ளுங்கள். குரூஸ் கன்ட்ரோலை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். மணிக்கணக்கில் ஒரே ஆர்பிஎம்மில் ஓடுவதுதான் இங்கே தவிர்க்க வேண்டியது. நெடுஞ்சாலைப் பயணம் தவிர்க்க முடியாதென்றால் ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தை 70-க்கும் 90-க்கும் இடையில் மாற்றுங்கள், அவ்வப்போது நான்காம் கியருக்கு இறங்குங்கள்.

பலர் கவனிக்காத தவறு ஒன்று உண்டு: மைலேஜ் ஆசையில் ஐந்தாம் கியரில் 40-ல் உருட்டி, மேம்பாலம் வந்ததும் கியரை இறக்காமல் மிதிப்பது. ஆர்பிஎம் குறைவு, சுமை அதிகம். கிராங்க் பேரிங்கில் ஆயில் படலம் மெலிந்துபோகும் நிலை இதுதான். டர்போ பெட்ரோல் என்ஜினில் ஆபத்து இன்னும் கூடுதல். நேரடி எரிபொருள் தெளிப்பும் டர்போவும் சேர்ந்த என்ஜின்களில், குறைந்த ஆர்பிஎம்மில் கனத்த சுமை விழும்போது ஸ்பார்க்குக்கு முன்பே கலவை தீப்பிடிக்கும். பிஸ்டனையே உடைக்கக்கூடியது அது. என்ஜின் திணறுவது காலுக்குத் தெரிந்தால் உடனே ஒரு கியர் இறக்குங்கள்.

குலதெய்வம் கோயிலுக்குப் போவதில் தடையில்லை. கோயில் மலைமேல் இருந்தால் மட்டும் யோசியுங்கள். முழுக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை முதல் வாரத்திலேயே ஏறுவது நீடித்த சுமை. 1,000 கி.மீ. கழித்து ஏறுங்கள்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஓடோமீட்டர் காட்டும் தூரத்தில் கணிசமான பகுதி மோட்டாரில் ஓடியது. ஆகவே 1,000 என்ற எண்ணை நெருங்கியதும் நிறுத்திவிடாமல் 1,500 வரை இதே ஒழுங்கில் ஓட்டுங்கள்.

படி 4: வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்

சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். ரிங் செட் ஆகும்வரை ஆயில் மட்டம் லேசாகக் குறைவது இயல்பு. சிறிய கார்களில் கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் இடையே இருப்பது ஏறத்தாழ ஒரு லிட்டர், அல்லது அதற்கும் குறைவு. 1,000 கி.மீ.க்குள் மேல்குறியிலிருந்து கீழ்க்குறிக்கு வந்துவிட்டால் சர்வீஸ் சென்டரில் சொல்லி எழுத்தில் பதிவு செய்யுங்கள்.

மட்டம் *ஏறினால்* அதுவும் கோளாறுதான். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் குட்டிக் குட்டிப் பயணங்களால் எரிபொருள் ஆயிலில் சேர்கிறது என்று பொருள். அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். புகைக்கரியைப் பிடிக்கும் துகள் ஃபில்டருள்ள பிஎஸ்-6 டீசலிலும் இதே தொல்லை உண்டு. அந்த ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிக்கும் சுத்திகரிப்பு ஓட்டம் பாதியில் நின்றுபோனால் டீசல் ஆயிலில் இறங்கும்.

படி 5: முதல் ஆயில் மாற்றம் எப்போது?

நம் ஊரில் முதல் இலவச சர்வீஸ் பெரும்பாலும் 1,000 முதல் 1,500 கி.மீ.க்குள் வரும். அதில் பொதுவாகப் பார்வையிடுவதோடு சரி, ஆயில் மாற்ற மாட்டார்கள். மாற்றும் கெடு பல கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது.

கார் நிறுவனங்களுக்கிடையே இதில் ஒருமித்த பேச்சு இல்லை. பிஎம்டபிள்யூ தன் எம் வகைக் கார்களுக்கு 2,000 கி.மீ.யில் ஆயில் மாற்றத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஹோண்டாவோ அமெரிக்காவில் விற்கும் கார்களில், ஆலையில் ஊற்றிய ஆயிலைக் குறித்த காலத்துக்கு முன் மாற்றாதீர்கள் என்று சொல்லிவந்திருக்கிறது. உங்கள் கையேடு ‘முன்கூட்டி மாற்றாதே’ என்று சொன்னால் அத்தோடு பேச்சு முடிந்தது.

கையேடு ஒன்றும் சொல்லவில்லை, காரைப் பத்தாண்டு வைத்திருக்கப்போகிறீர்கள் என்றால் எங்கள் கணக்கு இது: முதல் மாற்றம் 1,000 முதல் 1,500-க்குள், அடுத்தது 5,000-ல், பிறகு 10,000 அல்லது ஓராண்டு. தேய்மானத் துகள்கள் அதிகம் சேர்வது முதல் சில நூறு கிலோமீட்டரில்தான். பெரியவற்றை ஃபில்டர் பிடித்துவிடும், மிக நுண்ணியவை சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்று நான்கு ஆண்டில் விற்றுவிடப் போகிறவர்களுக்கு இந்தச் செலவு வீண். ஊர் நெரிசலிலேயே ஓடும் வண்டிக்கு 10,000 வரை காத்திருக்காமல் எப்போதும் 5,000 முதல் 7,500-க்குள் மாற்றுவது நல்லது.

‘சிந்தெடிக் (செயற்கை முறையில் தயாரித்த ஆயில்) ஊற்றினால் ரிங் செட் ஆகாது’ என்பது வெறும் வதந்தி. அமெரிக்காவின் கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார்கள் 1992 முதலே ஆலையிலிருந்து சிந்தெடிக் ஆயிலோடுதான் வெளிவருகின்றன. ஆயிலில் பார்க்க வேண்டியது கையேட்டில் உள்ள தடிமன் (0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்றது), அதோடு தரக்குறி. டர்போ பெட்ரோலுக்கு ஏபிஐ எஸ்பி என்ற தரக்குறி இருக்கட்டும். மேலே சொன்ன முன்னெரிப்பைத் தடுக்கும் சோதனை அதில் அடக்கம். துகள் ஃபில்டர் உள்ள டீசலுக்குச் சாம்பல் குறைந்த ஆயில், உதாரணமாக ஏசிஇஏ சி3 தரக்குறி உள்ளது, கையேடு சொன்னபடி.

படி 6: மாற்றுவது எப்படி

முதல் மாற்றத்தை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலேயே செய்துகொள்வது வாரண்டிக்குப் பாதுகாப்பு. முதல் இலவச சர்வீஸின்போதே ‘ஆயில், ஃபில்டர், டிரெயின் வாஷர் மூன்றையும் மாற்றவும்’ என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். பொருளுக்கு மட்டும் காசு. கூடவே ‘என்ஜின் ஃப்ளஷ்’, ‘ட்ரீட்மென்ட்’ என்று நீட்டுவார்கள். 1,000 கி.மீ. ஓடிய என்ஜினில் கழுவ எதுவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வீட்டில் செய்வதென்றால்: ஆயில் 4 லிட்டர் (பல சிறிய கார்களுக்கு 3 முதல் 4-க்குள் பிடிக்கும்), நிறுவன ஃபில்டர், புது வாஷர், போல்ட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்), 5 லிட்டருக்கு மேல் கொள்ளும் தட்டு, புனல், கையுறை, ஜாக் ஸ்டாண்டு இரண்டு. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது.

என்ஜினை ஐந்து நிமிடம் ஓட்டி அணையுங்கள். வெதுவெதுப்பான ஆயில் துகள்களோடு சேர்ந்து இறங்கும். கொதிக்கக் கொதிக்கச் செய்தால் கை வெந்துவிடும். ஆயில் மூடியைத் திறந்து, டிரெயின் போல்ட்டைக் கழற்றி 15 நிமிடம் வடியவிடுங்கள். இந்த முதல் ஆயிலை வெயிலில் பார்த்தால் லேசான மினுமினுப்பு தெரியலாம்; பயப்பட வேண்டாம். விரலில் நெருடும் செதில்கள் வந்தால் அது கோளாறு. ஆயிலை ஒரு புட்டியில் எடுத்துவைத்து சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள்.

ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் அதோடு வந்ததா என்று பாருங்கள். பழைய வளையம் என்ஜினில் ஒட்டியிருக்க, அதன்மேல் புதியதை முடுக்கினால் இரண்டும் வழுக்கி, ஓடும்போது ஆயில் முழுவதும் வெளியே பீய்ச்சிவிடும். புது ஃபில்டரின் வளையத்தில் ஆயில் தடவி, கையால் முடுக்கி, வளையம் தொட்டபின் முக்கால் சுற்று மட்டும் திருப்புங்கள்.

டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டுக் கையேட்டு அளவில் முடுக்குங்கள். பல கார்களுக்கு அது 30 முதல் 40 நியூட்டன் மீட்டர். வலுவைக் காட்டினால் அலுமினியத் தொட்டியின் மரை போய்விடும். அது ஆயிலை மாற்றாமல் விடுவதைவிடப் பெரிய நஷ்டம்.

கையேட்டு அளவைவிட அரை லிட்டர் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஓட்டி, ஆயில் விளக்கு அணைகிறதா, கீழே கசிகிறதா என்று பாருங்கள். அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, டிப்ஸ்டிக் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேல்குறிவரை நிரப்புங்கள். குறியைத் தாண்டினால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரைக்கு உயவுத் திறன் கிடையாது.

பில்லையும் ஓடோமீட்டர் படத்தையும் வாரண்டிக்காகச் சேர்த்துவையுங்கள். பழைய ஆயிலை அதே கேனில் ஊற்றி, வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்; சட்டப்படி அது அபாயக் கழிவு, சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. இரவு வண்டியின் கீழே ஒரு அட்டையை விரித்துவைத்து, மறுநாள் காலை நகர்த்துவதற்கு முன் அதில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.