உபுண்டுவில் புளூடூத் ஹெட்போன் விட்டு விட்டுக் கேட்கிறதா? இந்த வரிசையில் பாருங்கள்

என் கணினி டவர் மேசைக்கு அடியில் இருக்கிறது. உபுண்டு 24.04. புளூடூத்துக்குப் பின்பக்கம் யூஎஸ்பி துளையில் செருகும் நகத்தளவு டாங்கிள் ஒன்று. சாதாரண நேரத்தில் பாட்டு ஓரளவு சரியாகவே வரும். வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டோக்களை பேக்கப் எடுக்க ஆரம்பித்தால் போதும், பாடுகிறவருக்கு விக்கல் வந்துவிடும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை இதற்கே போனது. கண்ட கான்ஃபிக் ஃபைல்களை எல்லாம் திருத்தி, எதைத் திருத்தினேன் என்பதும் மறந்து, கடைசியில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்க வேண்டியதாயிற்று.

ஹெட்போனை இணைக்கவும் டெர்மினலைத் திறக்கவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: குற்றவாளி கணினியா, காற்றா?

உபுண்டுவில் இப்போது ஒலியைக் கவனிப்பது பைப்வயர் என்ற மென்பொருள். பாட்டை ஓடவிட்டு, டெர்மினலில் 'பிடபிள்யூ-டாப்' (pw-top) என்ற கட்டளையை ஆங்கிலச் சின்ன எழுத்துகளில், நடுவே கழித்தல் குறியோடு, இடைவெளி விடாமல் தட்டுங்கள். வரும் அட்டவணையில் 'ஈஆர்ஆர்' (ERR) என்ற பத்தியை மட்டும் பாருங்கள். பாட்டு திக்கும்போதெல்லாம் அந்த எண் ஏறினால் கணினியால் நேரத்துக்கு ஒலியைக் கொடுக்க முடியவில்லை. நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள், ஒரு தவணைக்கு 1,024 என்ற கணக்கில், ஒவ்வொரு தவணைக்கும் அதற்குக் கிடைப்பது சுமார் 21 மில்லிநொடிதான். பிராசஸரை விழுங்கும் வேலையை நிறுத்திப் பாருங்கள்.

எண் அசையாமல் இருந்து பாட்டு மட்டும் திக்கினால், சிக்கல் அநேகமாக ரேடியோ பக்கம். எனக்கு அப்படித்தான் இருந்தது.

இரண்டாம் படி: செட்டிங்ஸ் ஜன்னலை மூடுங்கள்

சிரிக்காதீர்கள், நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு 'இப்போது சரியாகிவிட்டதா' என்று புளூடூத் செட்டிங்ஸைத் திறந்து வைத்துக்கொண்டே பாட்டுக் கேட்டேன். உபுண்டுவின் வழக்கமான டெஸ்க்டாப்பான க்னோமில் அந்த ஜன்னல் திறந்திருக்கும்வரை பக்கத்தில் வேறு கருவி இருக்கிறதா என்று கணினி தேடிக்கொண்டே இருக்கும். ஒரே ரேடியோ, தேடுகிற நேரத்தில் பாட்டை அனுப்ப முடியாது. அதாவது, சோதித்துப் பார்த்ததே திக்கலுக்கு ஒரு காரணமாகிவிட்டது! மூடிவிட்டு, ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

மூன்றாம் படி: டாங்கிளை இடம் மாற்றுங்கள்

புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது அதே அலைவரிசைப் பக்கம் இரைச்சலைக் கசியவிடும். இன்டெல் 2012இலேயே இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. என் டாங்கிள் செருகியிருந்தது நீல நிற யூஎஸ்பி 3 துளையில். அதற்கு ஒட்டினாற்போல் ஹார்ட் டிஸ்க். முன்னால் தகரப் பெட்டி, அதற்கும் முன்னால் என் முழங்கால். உடம்பில் இருக்கும் தண்ணீரும் இந்த அலையை உறிஞ்சும்.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினேன், விக்கல் நின்றது. திரும்பச் செருகிக் காப்பி செய்தேன், உடனே வந்தது. ஒரு மீட்டர் யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை மேசைமேல் மானிட்டர் ஓரத்துக்குக் கொண்டுவந்தேன். அவ்வளவுதான். புது டாங்கிள் வாங்குவதற்கு முன் இந்தக் கேபிளை வாங்குங்கள் என்பேன்.

நான்காம் படி: கோடெக்

கோடெக் என்பது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை. இன்னும் திக்கினால் பாவுகண்ட்ரோல் (pavucontrol) என்ற ஒலிக் கட்டுப்பாட்டு மென்பொருளை நிறுவி, கான்ஃபிகரேஷன் பக்கத்தில் ஹெட்போனின் புரொஃபைலைப் பாருங்கள். எல்டிஏசி என்ற கோடெக் உச்சத்தில் நொடிக்கு 990 கிலோபிட் கேட்கும். சாதாரண எஸ்பிசிக்கு 328 போதும். நெரிசலான இடத்தில் எஸ்பிசியே மேல். என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பின்சேர்க்கை: லேப்டாப்காரர்கள் இருவர், 'எங்களுக்கு ஏது டாங்கிள்?' என்று கேட்டார்கள். அவர்கள் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பார்க்கலாம். லேப்டாப்பில் பெரும்பாலும் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சிப்பில்தான் இருக்கும்.

இன்னொருவருக்குத் திக்கல் இல்லை. மீட்டிங் தொடங்கியதும் பாட்டு பழைய டெலிபோன்போல் ஆகிவிடுகிறதாம். அது வேறு கதை. மைக்கைப் பயன்படுத்தினால் ஹெட்போன் பாட்டுக்கான ஏ2டிபி முறையிலிருந்து பேச்சுக்கான எச்எஃப்பி முறைக்கு மாறி, ஒலி மோனோவாகிவிடும். மீட்டிங்குக்கு நான் தனி யூஎஸ்பி மைக் வைத்திருக்கிறேன், ஆனால் அதை மேசைமேல் டாங்கிளுக்குப் பக்கத்தில் வைப்பதில்லை.